முதுகு காட்டி நின்ற சிலை

தேர்தல் தேதியை அறிவித்த மறுநாள் காலையில் புதாற்றங்கரைப் பூங்காவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தோளில் வெள்ளைத் துணி. இன்னொருவர் கையில் சணல் கயிறு. ஒரு சிலையைத் தலையிலிருந்து கால்வரை சுற்றிக் கட்டிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

தஞ்சாவூரில் இது ஒன்றும் புதிதில்லை. தேர்தல் வந்துவிட்டால் தலைவர்களின் சிலைகளை மூடிவிடுவார்கள். ஓட்டுப் போடுகிறவர்கள் சிலையைப் பார்த்து மனம் மாறிவிடக் கூடாதாம்.

ஆனால் அந்தப் பூங்காவில் தலைவர் சிலையே கிடையாது. இருக்கிற ஐந்து சிலைகளும் எழுத்தாளர்களின் சிலைகள்.

பூங்கா வாசலில் ரோஸ்மில்க் கடை வைத்திருப்பவர் ஜாஃபர் சாதிக். அவருடைய மகள் தஹ்மீனா ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கடையில் டம்ளர் கழுவிக்கொண்டே அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவளால் முடியுமா? நேராகக் காவலாளி துரைராசுவிடம் ஓடினாள்.

"மாமா, எழுத்தாளரை எதுக்கு மூடினாங்க?"

"எழுத்தாளரா? கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு பாரு. கை தூக்கின சிலைன்னா தலைவராத்தான் இருக்கும்னு வந்தவங்க சொன்னாங்க."

"அப்ப மத்த நாலு பேரு?"

"அவங்க பாவம், புத்தகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. அவங்களால யாருக்கு என்ன தொல்லை?"

தஹ்மீனா மூடிய சிலையைத் திரும்பிப் பார்த்தாள். துணிக்குள்ளும் அந்தக் கை மேலே நீட்டிக்கொண்டுதான் இருந்தது.

*

அன்றைக்குப் பள்ளியில் வானதி டீச்சர் ஒரு செய்தி சொன்னார். அவர் பட்டுக்கோட்டையிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஊரைச் சுற்றிப் பார்த்ததில் அவருக்கு அந்தப் பூங்கா ரொம்பப் பிடித்துவிட்டது.

"வர்ற சனிக்கிழமை சாயங்காலம் நாம பூங்காவுக்குப் போறோம். ஒவ்வொரு சிலைகிட்டயும் ஒருத்தர் நின்னு, அந்த எழுத்தாளரைப் பத்திப் பேசணும். அப்பா அம்மா எல்லாரும் வரலாம். யார் பேசுறதுன்னு சீட்டுக் குலுக்கிப் பார்ப்போம்."

தஹ்மீனாவுக்குப் பேச ரொம்ப ஆசை. ஆனால் அவள் முறை வரும்போதெல்லாம் ஏதாவது ஆகிவிடும். சுதந்திர தினத்தன்று அவள் பேச எழுந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஆண்டு விழா நாடகத்தில் அவளுக்கு மரம் வேடம் கொடுத்தார்கள். மரத்துக்கு வசனம் ஏது? வகுப்பில் சந்தேகம் கேட்கக் கை தூக்கினாலும், "அப்புறம் கேளு தஹ்மீனா" என்றுதான் பதில் வரும். அந்த 'அப்புறம்' மட்டும் இன்னும் வரவில்லை.

இந்த முறை அவளுக்குச் சீட்டு விழுந்தது. விழுந்ததே என்று பிரித்துப் பார்த்தால், அதில் பெயர் இல்லை. 'கால்வாய்ப் பக்கத்துச் சிலை' என்று மட்டும் இருந்தது.

"அது யாரு டீச்சர்?"

வானதி டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். "மத்த சிலைங்களோட பேரைக் கீழ இருந்த கல்லைப் பார்த்து எழுதிக்கிட்டேன். இன்னைக்குக் காலையில இதையும் எழுதிக்கலாம்னு போனா, கல்லோட சேர்த்து மூடிட்டாங்க. மாநகராட்சி ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். தேர்தல் முடியட்டும் டீச்சர்னு சொல்லிட்டாங்க."

"அப்ப நான் என்ன பேசுறது?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள யாருன்னு தெரிஞ்சா நீ பேசு. தெரியலைன்னா பரவாயில்லம்மா, வர்றவங்களுக்குத் தண்ணி கொடுக்கிற பொறுப்பை உனக்குத் தந்திடுறேன்."

போன வருடம் மரம். இந்த வருடம் தண்ணீரா? தஹ்மீனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அழவில்லை. அழுதால் சிலையின் பெயர் தெரியப்போகிறதா என்ன?

*

சாயங்காலம் தன் அத்தா ஜாஃபர் சாதிக்கின் கைபேசியில் தேடிப் பார்த்தாள். பூங்கா எத்தனை மணிக்குத் திறக்கும், பக்கத்தில் பரோட்டாக் கடை எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் அது சொன்னது. சிலையைப் பற்றி மூச்சு விடவில்லை.

அவள் வகுப்புத் தோழன் பிரபு கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான். அவனுக்குக் கண்ணாடி போட்ட எழுத்தாளரின் சிலை விழுந்திருந்தது. அதனால் அவனுக்குக் கவலையே இல்லை.

"இதுக்குப் போய் ஏன் மண்டையை உடைச்சுக்கிறே? கீழ கயிறு கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கு. துணியைத் தூக்கி, கல்லைப் படிச்சிட்டு, டக்குனு விட்டுடலாம்."

தஹ்மீனாவுக்கும் கை துறுதுறுத்தது. சிலையின் அருகே போய் நின்றாள். தூரத்தில் துரைராசு மாமா காய்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"வேணாம் பிரபு. முடிச்சு அவிழ்ந்து கிடந்தா யாரைத் திட்டுவாங்க? நம்மளையா? துரைராசு மாமாவைத்தான் கேப்பாங்க."

"அப்ப தண்ணி ஊத்தப் போறியா?"

"மூடினது இன்னைக்குத்தானே? இத்தனை வருஷமா திறந்துதானே இருந்தது? பார்த்தவங்ககிட்டக் கேட்டாப் போச்சு!"

எவ்வளவு சுலபம் என்று அவள் நினைத்தாள். அங்கேதான் வேடிக்கையே தொடங்கியது.

முதலில் ராஜராஜன் சாரிடம் கேட்டாள். அவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மழையானாலும் வெயிலானாலும் பூங்காவில் நடக்காமல் இருக்கமாட்டார்.

"அவரா? எனக்குத் தெரியாதா? தினமும் காலையில 'வணக்கம் ஐயா'ன்னு அவருக்குச் சொல்லிட்டுத்தான் நடக்கவே ஆரம்பிப்பேன். பெரிய மீசை. தோள்ல துண்டு."

"பேரு சார்?"

"பேரு... பேரு நாக்கு நுனியில நிக்குது. மீசை மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

ரோஸ்மில்க் குடிக்க வந்த ஒரு அக்கா, "மீசையா? இல்லவே இல்லை. தலைப்பாகை கட்டியிருப்பாரு" என்றார்.

ஊஞ்சலில் குழந்தையை வைத்து ஆட்டிக்கொண்டிருந்த ஒருவர், "துண்டு உண்டு, தலைப்பாகையும் உண்டு. ஆனா அவரு எழுத்தாளர் இல்லை, விவசாயி" என்று அடித்துச் சொன்னார்.

"அங்க சிலை இருக்கா?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தச் சிலைக்குப் பக்கத்துப் பெஞ்சில்தான் தினமும் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர்.

தஹ்மீனா மறுபடியும் ராஜராஜன் சாரிடம் போனாள். "சார், மீசை இல்லைன்னு சொல்றாங்களே?"

"அவங்க கிடக்கிறாங்க! மீசை இருக்கு" என்றார் அவர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆள்.

தஹ்மீனா யோசித்தாள். ஆட்கள் மறந்துபோவார்கள். போட்டோ மறக்குமா? பூங்காவுக்கு வந்தால் யார்தான் போட்டோ எடுக்காமல் போகிறார்கள்?

மறுநாள் பள்ளி விட்டதும் பிரபுவோடு கடைக்கு வந்து, ரோஸ்மில்க் வாங்கிய எல்லோரிடமும் அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள். "அண்ணே, அக்கா, உங்க போன்ல அந்தச் சிலை விழுந்திருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்."

"யாவாரத்தைப் பாரும்மா" என்று சொல்லப்போன அத்தாவே, போட்டோக்களைப் பார்க்கத் தலையை நீட்டினார்.

பிறந்தநாள் போட்டோ ஒன்று. கேக்குக்குப் பின்னால் சிலையின் தோள் தெரிந்தது. தோளில் துணி தொங்கியது. கல்யாண ஜோடி ஒன்று. மாப்பிள்ளையின் காதுக்கு மேலே சிலையின் தலை. தலையில் உருண்டையாக ஏதோ இருந்தது. ஒரு அண்ணனின் போட்டோவில் அவருடைய முகமே முக்கால்வாசி. மூலையில் தூக்கிய கை மட்டும் எட்டிப் பார்த்தது.

தோள் கிடைத்தது. தலை கிடைத்தது. கை கிடைத்தது. முகம் மட்டும் ஒரு போட்டோவிலும் இல்லை.

"என்ன பிரபு இது? எல்லாத்துலயும் முதுகுதான் இருக்கு!"

இருவரும் துரைராசுவிடம் ஓடினார்கள். அவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஆமா, அது நமக்கு முதுகைக் காட்டித்தான் நிக்கும். அந்தக் காலத்துல பூங்காவோட வாசல் கால்வாய்ப் பக்கம் இருந்துச்சு. ரோடு இந்தப் பக்கம் வந்ததும் வாசலை மாத்திட்டாங்க. மத்த சிலையை எல்லாம் திருப்பி வெச்சாங்க. இதைத் திருப்புறதுக்குள்ள மழை வந்திடுச்சு. நாளைக்கு வர்றோம்னு போனவங்கதான்."

"நீங்க முன்னால போய்ப் பார்த்ததே இல்லையா மாமா?"

"முன்னால ஒரே செடியும் கொடியுமா கிடக்கும். அதுக்கப்புறம் வேலி. அங்க போய் நான் என்ன செய்ய?" துரைராசு கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார்.

ஆக, ஊரே அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ராஜராஜன் சார் வணக்கம் சொன்னதும் முதுகுக்குத்தான். அந்த மீசையை அவராகவே ஒட்டிவிட்டிருக்கிறார்!

பிரபு விழுந்து விழுந்து சிரித்தான். தஹ்மீனா சிரிக்கவில்லை. அவள் வேலியைப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் புதாறு என்று ஊரார் சொல்லும் பெரிய கால்வாய். இது தண்ணீர் விடாத காலம். அதனால் பையன்கள் மணலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் அப்பால் எதிர்க்கரையில் வரிசையாக வீடுகள்.

"பிரபு, நமக்கு முதுகுன்னா முகம் யாருக்கு?"

பிரபுவின் சிரிப்பு நின்றது. அவனும் எதிர்க்கரையைப் பார்த்தான்.

*

அத்தாவிடம் சொல்லிவிட்டு இருவரும் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். சிலைக்கு நேர் எதிரே ஒரு மாடிவீடு. மொட்டை மாடியில் ஒரு அக்கா தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தப் பக்கம் துணி கட்டியிருக்காங்களே, அந்தச் சிலையை உங்களுக்குத் தெரியுமா?"

அந்த அக்கா புத்தகத்தை மூடிவிட்டு எட்டிப் பார்த்தார். "தெரியாம என்ன? எங்க டவுட் டீச்சராச்சே! பாவம், அவங்களை எதுக்கு மூட்டை கட்டி வெச்சிருக்காங்க?"

"டீச்சரா?" என்றான் பிரபு.

"அவங்களா?" என்றாள் தஹ்மீனா.

அந்த அக்காவின் பெயர் குந்தவை. அரசு வேலைக்கான தேர்வுக்குப் படிக்கிறார். தஹ்மீனா நடந்ததைச் சொன்னதும், மேலே வரச் சொல்லித் தன் கைபேசியைத் தேடி எடுத்தார்.

"போன வருஷம் ஆத்துல தண்ணி ஓடினப்ப எடுத்தேன். கிளி வந்து உக்காந்திருந்துச்சு. கிளிக்காக எடுத்த போட்டோ."

தூக்கிய கையின் மேல் ஒரு பச்சைக்கிளி. கைக்குக் கீழே, முதல் முதலாக, முகம்!

அது ஒரு பெண்ணின் முகம். தலையில் இருந்தது தலைப்பாகை இல்லை, கொண்டை. தோளில் இருந்தது துண்டு இல்லை, சேலை முந்தானை. புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தி, வாயை லேசாகத் திறந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். மீசை இல்லவே இல்லை.

"நான் இங்க உக்காந்து படிக்கிறப்ப, கையைத் தூக்கி என்கிட்ட ஏதோ கேக்கிற மாதிரியே இருக்கும். அதான் டவுட் டீச்சர்னு பேரு வெச்சேன்" என்றார் குந்தவை. "அவங்களுக்குச் சொல்லிக் காட்டித்தான் பாதிப் பாடம் படிச்சேன். தப்பா சொன்னாலும் கோவிச்சுக்க மாட்டாங்க. ஆனா நிஜப் பேரு எனக்கும் தெரியாது. கல்லுல இருக்கிறது இவ்வளவு தூரத்துக்குத் தெரியலை."

தஹ்மீனா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். கூட்டத்தைப் பார்த்து ஆணையிடும் கை இல்லை அது. தினமும் வகுப்பில் அவள் தூக்கும் கை.

*

குந்தவை அந்தப் படத்தை அத்தாவின் கைபேசிக்கு அனுப்பிவைத்தார். அன்று இரவு முழுக்கத் தஹ்மீனாவின் கனவில் கிளி வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா மதியமே கடையைத் திறந்துவிட்டார். நாலு மணிக்குப் பள்ளி விட்டது. அத்தா கடையைப் பக்கத்துப் பூக்கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, மகளை வண்டியில் ஏற்றி நூலகத்துக்கு அழைத்துப் போனார்.

நூலகர் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்த முகத்தை எங்கயோ பார்த்திருக்கேனே" என்று எழுந்து, சிறுவர் புத்தகங்கள் இருக்கும் பக்கம் போனார். ஒரு தும்மல் கேட்டது. அப்புறம் இன்னொரு தும்மல். கடைசியில் தூசியும் சிரிப்புமாகத் திரும்பி வந்தார். அவர் கையில் ஒரு மெல்லிய புத்தகம். பின் அட்டையில் அதே கொண்டை, அதே புருவம்.

"ந. தையல்நாயகி. திருவையாறு பக்கத்துக்காரங்க. குழந்தைங்களுக்காகவே எழுதினவங்க. எடுத்துட்டுப் போய்ப் படிம்மா. இதை யாரும் கேட்டு ரொம்ப நாளாச்சு."

அத்தாவின் கைபேசியில் வானதி டீச்சரைக் கூப்பிட்டுப் பெயரைச் சொல்லிவிட்டு, தஹ்மீனா வண்டியின் பின்னால் உட்கார்ந்தே படிக்கத் தொடங்கிவிட்டாள். வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்று பார்க்க, அதன் கரையோடு நடந்தே போன ஒரு சிறுமியின் கதை அதில் இருந்தது. அறுப்பு முடிந்த வயலில் தவளைகள் எங்கே ஒளிந்துகொள்கின்றன என்று தேடியவனின் கதை இருந்தது. வீடு வந்ததுகூடத் தெரியாமல் அவள் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இறங்கும்மா, வண்டிக்குக் கால் வலிக்குது" என்றார் அத்தா.

*

சனிக்கிழமை சாயங்காலம் பூங்காவில் நல்ல கூட்டம். வானதி டீச்சர் ஒவ்வொரு சிலையாக எல்லோரையும் அழைத்துப் போனார். பிரபு கண்ணாடிக்காரரைப் பற்றி ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டு, முடிந்த பிறகுதான் மூச்சு விட்டான்.

கடைசியாகக் கால்வாய்ப் பக்கம் வந்தார்கள். சிலை இன்னும் துணிக்குள்தான் இருந்தது. ஆனால் வேலிக்கும் சிலைக்கும் நடுவே இருந்த செடி கொடிகளைக் காணோம். துரைராசு காலையிலேயே வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்.

"எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க. அது முதுகு" என்றாள் தஹ்மீனா.

கூட்டம் சலசலத்தது. ஆனாலும் எல்லோரும் சுற்றிக்கொண்டு வந்து, வேலியோரம் நெருக்கியடித்து நின்றார்கள். ராஜராஜன் சார் முதல் வரிசை. பிரபு போட்டோவைப் பெரிதாக அச்செடுத்த தாளைத் தூக்கிப் பிடித்தான்.

அதைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். தஹ்மீனா கொஞ்சம் பயந்துகொண்டே பேசினாள்.

"இவங்க பேரு ந. தையல்நாயகி. இவங்க கட்சித் தலைவர் இல்லை. கதை எழுதினவங்க. இவங்க ஏன் கையைத் தூக்கிட்டு நிக்கிறாங்கன்னு இவங்களே எழுதியிருக்காங்க. வாசிக்கிறேன்."

புத்தகத்தைப் பிரித்தாள்.

"'பள்ளிக்கூடத்தில் நான் கை தூக்கினால், பாடம் முடியட்டும் என்பார் வாத்தியார். பாடம் முடிந்தால் மணி அடித்துவிடும். கேட்க முடியாமல் போன கேள்விகள் எனக்குள் சேர்ந்துகொண்டே இருந்தன. அவற்றைத்தான் கதைகளாக எழுதினேன். இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. அதனால் நான் கையை இறக்கவில்லை.'"

தஹ்மீனா புத்தகத்தை மூடினாள். அவளுக்குப் பயம் போய்விட்டிருந்தது.

"இவங்க நமக்கு எதுவும் உத்தரவு போடலை. கேள்விதான் கேக்கிறாங்க. உங்களுக்கு என்ன கேள்வி இருக்கு? கை தூக்குங்க. அப்புறம்னு சொல்லமாட்டேன்."

முதலில் ஒரு குட்டிப் பையனின் கை மேலே வந்தது. "ரோஸ்மில்க் ஏன் ரோஸா இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தாதான் அதிகமாகச் சிரித்தார்.

அடுத்து ராஜராஜன் சாரின் கை மெதுவாக உயர்ந்தது. "இனிமே நான் எந்தப் பக்கம் நின்னு வணக்கம் சொல்றது?"

"அந்தப் புத்தகத்தை அடுத்து நான் வாங்கிக்கலாமா?" என்று வானதி டீச்சரின் கை கேட்டது. ஒரு அம்மா கை தூக்கினார். பேப்பர் படிப்பவர் கை தூக்கினார். கால்வாய் மணலில் கிரிக்கெட் ஆடிய பையன்கள், என்ன ஏது என்று தெரியாமலே கை தூக்கினார்கள். எதிர்க்கரை மொட்டை மாடியில் குந்தவை இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். துணிக்குள் தையல்நாயகியின் கை. அதற்குக் கீழே தஹ்மீனாவின் கை.

துரைராசு துடைப்பத்தோடு ஓடி வந்தார்.

"டீச்சர், டீச்சர்! தயவு செஞ்சு எல்லாரையும் கையை இறக்கச் சொல்லுங்க. தேர்தல்காரங்க பார்த்தா வம்பு. இத்தனை பேரையும் மூடுறதுக்கு நான் துணிக்கு எங்க போவேன்?"

சிரிப்பு கால்வாயைத் தாண்டிக் கேட்டது. ஆனால் ஒரு கைகூடக் கீழே இறங்கவில்லை.